நிற்கிற பைக்கில் போகிற தூரம்

முதல் மோட்டார் சைக்கிள் வாங்க வருகிறவர், கடை வாசலில் செருப்பைக் கழற்ற முன்னமே அதில் பாதித் தூரம் ஓடிவிட்டுத்தான் வருகிறார். அவரைப் பத்திரமாகத் திருப்பிக் கூட்டி வருவதுதான் எங்கள் தொழில். கிளிநொச்சியில், ஏ ஒன்பது வீதியோரக் கடையொன்றில் நான்கு வருடமாக நான் பைக் விற்கிறேன். புதிதாக லைசென்ஸ் எடுத்துவிட்டு ஸ்போர்ட்ஸ் பைக் கேட்டு வருகிறவர்களை என்னிடம்தான் அனுப்புவார்கள், பொறுமை உள்ள பிள்ளை என்று. நீங்களும் ஏதோவொரு மேசைக்குப் பின்னால் நின்று, அடுத்தவர் கனவுக்கு நாள் முழுக்கத் தலையாட்டிக் கழுத்து நொந்தவர் என்றால், இது உங்களுக்குத்தான்.

கால் எட்டாதவர்

ஸ்கந்தபுரத்தில் இருந்து டிலக்சன் என்றொரு இளைஞர் வந்தார். அன்று காலைதான் லைசென்ஸ் கைக்குக் கிடைத்திருந்தது. கதைக்கும்போதெல்லாம் சேர்ட் பொக்கற்றில் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். கடையில் இருப்பதிலேயே உயரமான சிவப்பு பைக்கில் ஏறி இருந்தார். பெருவிரல் நுனி மட்டும் நிலத்தில் பட்டது. “முதல் பைக் பாரம் குறைவா, சீற் பதிவா இருந்தா நல்லது தம்பி” என்று எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். அவர் கண்ணை மூடி, டாங்கின் மேல் குனிந்து, “அக்கா, அந்த ஃபானை ஒருக்கா இஞ்சால திருப்புங்கோவன்” என்றார். திருப்பினேன். சேர்ட் படபடத்தது. எங்கே போனாரோ தெரியாது, கால் மணித்தியாலம் ஆள் திரும்பி வரவில்லை.

பிறகு முற்றத்தில் ஓடி நிறுத்திப் பார்க்கச் சொன்னோம். நிறுத்திய இடத்தில் பைக் மெல்லச் சரிந்தது. எங்கள் மெக்கானிக் ரஹீம் நானா ஓடிப்போய் ஒரு பக்கம் பிடிக்க, நான் மற்றப் பக்கம் பிடிக்க, மூன்று பேருமாய் அதை நிமிர்த்தினோம். பதிவான கறுப்பு பைக்குக்கு அவர் சம்மதிக்க அரை நாள் எடுத்தது. போகும்போதும் சிவப்பைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “ஓடிக்கொண்டிருக்கேக்க ஆரக்கா காலைக் கீழ வைக்கிறது?”

வாங்க வந்தவர்

விசுவமடுவில் இருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். கணவரிடம் ஸ்போர்ட்ஸ் பைக் விபரத் தாளைக் கொடுத்தேன். மனைவிக்கு ஸ்கூட்டரைக் காட்டினேன். நானே ஒரு பெண்ணாக இருந்துகொண்டு அப்படிச் செய்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அந்தச் சுகந்தி அக்கா கணித ரீச்சர். கணவரின் கையில் இருந்த தாளை மெல்ல உருவி எடுத்து, “ரெண்டு சில்லுக்கும் டிஸ்க் பிரேக்தானோ?” என்று என்னைக் கேட்டார்.

அவர் பள்ளிக்கூடம் போகப் பஸ் பார்த்து நிற்கிற நேரம், தினமும் ஒரு பைக் அந்த றோட்டால் போகுமாம். ஓடுகிறவர் யாரென்று தெரியாது. வளைவுக்கு அங்கால் வரும்போதே சத்தம் கேட்கும். போன பிறகும் கொஞ்ச நேரம் காதில் நிற்கும். அதைக் கேட்டுக் கேட்டே லைசென்ஸ் எடுத்துவிட்டாராம். நான் ஒவ்வொரு பைக்காக ஸ்டார்ட் பண்ணினேன். அக்கா தலையைச் சரித்து, வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளை சொல்லும் விடையைக் கேட்பதுபோலக் கேட்டார். மூன்றாவதில் முகம் மாறியது. “இதுதான்” என்றார்.

மனைவியின் கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டு நின்ற கணவரிடம், “உங்களுக்கும் பிடிச்சிருக்கோ அண்ணை?” என்று கேட்டேன். அவர் பின் சீற்றை ஒருதரம் அமத்திப் பார்த்தார். “நான் பின்னுக்கு இருந்து வாறவன் பிள்ளை. இது மெத்தையா இருந்தாச் சரி.”

பத்து நிமிடம்

ஜெயபுரத்துக் கணேசன் அண்ணன் மேசன் வேலை செய்கிறவர். நாற்பது வயது தாண்டி லைசென்ஸ் எடுத்தவர். அதுவரை வேலைக்கு எங்கே போனாலும் சைக்கிள்தான். அவர் கேட்டதும் ஸ்போர்ட்ஸ் பைக்தான். ஓடிப் பார்க்கவென்று வைத்திருக்கும் நீல பைக்கின் திறப்பைக் கொடுத்து, “பத்து நிமிசத்தில வாங்கோ” என்றேன். அரை மணித்தியாலம் போனது. ஒரு மணித்தியாலமும் போனது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பைக் போனது என்ற பயம் முதலில் வந்தது. ஆள் எங்காவது விழுந்து கிடக்கிறாரோ என்ற பயம் வந்ததும் பைக்கை மறந்துவிட்டேன். ரஹீம் நானா தன் பைக்கை ஓட, நான் பின்னால் இருந்து, றோட்டின் இரண்டு கரையையும் பார்த்தபடி போனேன்.

இரணைமடுக் குளக்கட்டில் நீல பைக் பத்திரமாக நின்றது. பக்கத்தில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் குந்தியிருந்தார். வழி முழுக்கச் சேர்த்துக்கொண்டு வந்த ஏச்செல்லாம் எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் குளம் நிரம்பித் தளம்பிக்கொண்டிருந்தது. தூரத்தில் நீர்க்காகங்கள் வரிசையாக எழும்பிப் போயின. அந்தக் காற்றில் நின்றுகொண்டு யாரையும் ஏச முடியாது. நானும் பக்கத்தில் குந்தினேன். ரஹீம் நானாவும் எஞ்சினை நிறுத்தினார். கணேசன் அண்ணன் திரும்பாமலே சொன்னார்: “இவ்வளவு நாளும் இந்தக் குளம் தூரத்துல இருந்துச்சும்மா. இன்னைக்குத்தான் பக்கத்துல வந்திருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை பேருக்கு ஆலோசனை சொன்ன எனக்கு அண்மைவரை ஓடத் தெரியாது. போன மாதம்தான் லைசென்ஸ் கிடைத்தது. பாரம் குறைந்த, எனக்கு அடங்குகிற சாம்பல் நிற பைக் ஒன்றை எடுத்தேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. ஞாயிறு காலை, பரந்தன் சந்திக்குப் போக முன்னம் இரண்டு தரம் கிளச்சை விட்டு எஞ்சின் நின்றது. பின்னால் வந்த லொறிக்காரர் ஹோண் அடிக்காமல் காத்திருந்தார். அதற்கே அழுகை வந்துவிட்டது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. வெயில் ஏற ஏற வயல்கள் இரண்டு பக்கமும் மெல்லப் பின்னால் போயின. வட்டுவாகல் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர். நான் தண்ணீருக்கு மேலேயே போவதுபோல இருந்தது. முல்லைத்தீவில் கடலைப் பார்த்தேன். ஒரு தேத்தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை ரஹீம் நானா சங்கிலியைத் தடவிப் பார்த்தபடி, பைக் எப்படி ஓடியது, மூன்றாம் கியர் இறுக்கமா, பிரேக் சரியாகப் பிடித்ததா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பாலம் ஞாபகம் வந்தது, தண்ணீர் ஞாபகம் வந்தது. பைக் ஒன்று இருந்ததே ஞாபகம் இல்லை. அப்படியே சொன்னேன். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழும்பினார். “அப்ப நல்லாத்தான் ஓடியிருக்கு, தங்கச்சி.”

எது நல்ல பைக் என்று நான்கு வருடம் ஊருக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவளுக்குத் தன் சொந்த பைக்கைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்விக்குக்கூடப் பதில் தெரியவில்லை என்பதைத் தயவுசெய்து எங்கள் முதலாளியிடம் சொல்லிவிடாதீர்கள்.