அஞ்செட்டி ரோட்டில் கிடந்த தழை

சைக்கிளில் ஓசூரை விட்டு எந்தப் பக்கம் கிளம்பினாலும் முதல் ஐந்தாறு கிலோமீட்டருக்கு லாரிக்காரர்கள் தயவில்தான் உயிரோடு இருக்க வேண்டும். கம்பெனி பஸ், கன்டெய்னர், கிரானைட் ஏற்றிய வண்டி எல்லாவற்றையும் தாண்டிய பிறகுதான் ரோடு நம் கைக்கு வரும். தளி பக்கம் திரும்பினால் ரோஜாப் பண்ணைகள். தேன்கனிக்கோட்டை பக்கம் திரும்பினால் ராகிக் கொல்லை, பாறை, அப்புறம் காடு. தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்கும் மலை ரோடுதான் எனக்கு உயிர். மாதம் இரண்டு முறையாவது போய்க்கொண்டிருந்தேன். இப்போது போவதில்லை. அந்த ரோட்டில் ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதுவும் அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

அவர் எங்கள் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். எல்லோருக்கும் பாய். ஓசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்த பேச்சைக் கன்னடத்தில் வளர்த்துத் தெலுங்கில் முடிப்பார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், இருந்தாலும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். வாராந்திர விடுமுறை இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விழுந்தால் சேர்ந்து கிளம்புவோம். சேர்ந்து கிளம்புவதோடு சரி. வழியில் கோவைக்காய் விற்கிறவரிடம் நின்று பேசுவார், மாடு மேய்க்கிறவரிடம் நின்று பேசுவார். எனக்கு நிற்பதென்றாலே எரிச்சல். நான் பாட்டுக்கு முன்னால் போய் எங்கேயாவது கல்லில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருப்பேன்.

என் உத்தியோகத்தையும் சொல்லிவிட வேண்டும். ஃபேக்டரியில் ஃபைவ் எஸ் தணிக்கை என் பொறுப்பு. தளத்தில் எது எங்கே இருக்க வேண்டுமோ அது அங்கே இருக்க வேண்டும், தேவையில்லாதது கண்ணில் பட்டால் அந்த நிமிடமே அகற்ற வேண்டும். நடைபாதையில் ஒரு எண்ணெய்த் துணி கிடந்தால் ஷிஃப்ட் முழுவதையும் கூட்டி வைத்துக் கத்துகிற ஆள் நான். என் முதுகுக்குப் பின்னால் 'துடைப்பம்' என்று சொல்கிறார்கள் என்பதும் தெரியும். வீட்டிலும் இந்தப் புத்தி போகவில்லை என்று என் மனைவி சொல்வாள். ரோட்டிலும் போகவில்லை.

அன்று மார்கழிக் குளிர். தேன்கனிக்கோட்டை தாண்டி டீ குடித்தோம். பாயின் செயின் தளர்ந்திருந்தது. கடைக்காரரிடம் ஸ்பேனர் வாங்கி முடுக்க உட்கார்ந்தார்.

"அஞ்சு நிமிசம் சார். சேர்ந்தே போலாம். பனி ஜாஸ்தியா இருக்குது."

"நீங்க மெதுவா வாங்க பாய். நான் கீழ வெயிட் பண்றேன்" என்று சொல்லிவிட்டு மிதித்துவிட்டேன். அந்த ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.

காட்டுக்குள் நுழைந்ததும் பனி ரோட்டின் மேலேயே படுத்துக் கிடந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் இல்லை. மணி ஏழரை ஆகியும் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் அசையாமல் நின்றது. ஒரு வளைவில் திரும்பியபோது ரோட்டின் குறுக்கே பச்சைத் தழை கிடந்தது. காற்றில் முறிந்து விழுந்ததல்ல. மூன்று கிளைகள், அடிப்பக்கம் கத்தியால் வெட்டியது, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. இலைகள் வாடக்கூட இல்லை. யாரோ அடுக்கி வைத்துவிட்டு அப்போதுதான் எழுந்து போனதுபோல் இருந்தது. சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

பயம் வந்திருக்க வேண்டும். எனக்குக் கோபம்தான் வந்தது. எந்தப் பொறுப்பற்றவன் நடு ரோட்டில் குப்பையைப் போட்டது? கிளைகளில் முள் வேறு. பாயின் சைக்கிளுக்கு மெல்லிய டயர், இறக்கத்தில் வேகமாக வந்தால் மனிதர் தலைகுப்புற விழுவார். இறங்கினேன். ஒவ்வொரு கிளையாக இழுத்துப் பள்ளத்தில் வீசினேன். கையைத் தட்டிக்கொண்டபோது மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். அந்த வழியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அன்றைக்கு அது வேறு இடமாக இருந்தது. குருவிச் சத்தம் இல்லை. குரங்குகள் இல்லை. தொழுவத்து வாடைபோல் ஒன்று, அதைவிடக் கனமாக, பனியோடு கலந்து மூக்கில் ஏறியது. ரோட்டோரம் மூங்கில் சாய்ந்து கிடந்தது, முறிந்த இடம் வெள்ளையாக இருந்தது. ஓரிடத்தில் பிரேக் பிடித்தேன், அது கிறீச்சிட்டது. அப்போதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரமும் வலப்பக்கப் புதருக்குள் ஏதோ மென்றுகொண்டிருந்திருக்கிறது. மெல்லுகிற சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை. அது நின்றதுதான் கேட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிரேக்கை விட்டேன். சைக்கிள் தானாக இறங்கியது. பின்கழுத்தில் யாரோ ஈரத்துணி போட்டதுபோல் குளிர்ந்தது.

கீழே அடுத்த வளைவில் மறுபடியும் தழை. அதே மாதிரி குறுக்கே. அதற்கு அந்தப் பக்கம் நான்கைந்து பேர் அசையாமல் நின்றிருந்தார்கள். ஒரு மொபெட், இரண்டு மாடு, மூட்டையோடு ஒரு அம்மா. செத்தவன் எழுந்து வந்தால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி என்னைப் பார்த்தார்கள்.

"எப்படி வந்தீங்க?" அந்த அம்மாதான் குரலே எழும்பாமல் கேட்டார். "உள்ள ஆனை நிக்குது. குட்டி போட்ட ஆனை."

நான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அந்தப் பக்கமும் தழை கெடந்திருக்கணுமே. விடியக்காலம் மேல போன பால்காரரு போட்டுட்டுத்தான் போயிருப்பாரு. ஆனையைப் பார்த்தவங்க தழை ஒடிச்சுக் குறுக்கப் போடறது வழக்கம். அதைத் தாண்டி யாரும் வர மாட்டாங்க. ஆனை போனப்பறம்தான் எடுப்பாங்க."

எங்கள் ஊர் விருதுநகர் பக்கம். ஆனை என்றால் கோயில் வாசலில் நின்று தும்பிக்கையால் தலையைத் தொடுவது. தழை என்றால் ஆட்டுக்குப் போடுவது. "நான்தான் எடுத்துப் போட்டுட்டேன்" என்றேன். மொபெட்காரர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். புரியவில்லை, புரிந்துகொள்ள வேண்டிய தேவையும் இல்லை.

"பின்னாடி யாராச்சும் வர்றாங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

பாய் வந்துகொண்டிருந்தார். செயினை முடுக்கிவிட்டு, கல்லில் உட்கார்ந்து நான் எரிச்சல்படுவேனே என்று வேகமாக மிதித்து வருவார். அந்த வளைவில் அவரை நிறுத்த ஒன்றுமில்லை. நான்தான் பெருக்கித் தள்ளிவிட்டேனே. போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. திரும்பி ஏறப் போனேன், மொபெட்காரர் என் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார். கத்தலாமா என்று கேட்டேன். கத்தினால் மிரளும் என்றார்கள்.

நின்றோம். பனிக்குள் பார்த்துக்கொண்டே நின்றோம். சைக்கிள் மணிபோல் ஒன்று கேட்டது. மாட்டின் கழுத்து மணி. பிறகு மேலே மூங்கில் ஒடிகிற சத்தம், ஒன்று, இன்னொன்று. பிறகு அடிவயிற்றில் உணர்கிற மாதிரி ஓர் உறுமல். மாடுகள் இரண்டும் பின்வாங்கின. பாயின் வீட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அவருடைய மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். அந்த வீட்டு வாசலில் போய் நின்று என்ன சொல்வேன் என்று வார்த்தைகளைக்கூடத் தேட ஆரம்பித்துவிட்டேன். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. அன்று மட்டும் நான் கடிகாரம் பார்க்கவில்லை.

பனிக்குள் முதலில் ஒரு சக்கரம் தெரிந்தது. பிறகு அதைத் தள்ளிக்கொண்டு பாய். சக்கரம் சத்தம் போடாமல் இருக்க ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்தார். அந்தக் குளிரில் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சைக்கிளை மெதுவாகத் தரையில் படுக்க வைத்துவிட்டு வந்து, என் தோளையும் கையையும் தடவிப் பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலியே சார்? வளைவுல தழை பள்ளத்துல கெடந்துச்சு. எவனோ அறிவு கெட்டவன் எடுத்து வீசியிருக்கான். இவருக்குத் தெரியாதே, நேரா உள்ள போயிருப்பாரேன்னு எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

நான்கைந்து பேரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

"திரும்பிப் போயிருக்கலாமே பாய்?"

"நீங்க உள்ள இருக்கீங்களே சார்."

"அப்ப அந்தப் பக்கம் இப்ப தொறந்தா கெடக்குது?" என்று அந்த அம்மா பதறினார்.

"இல்லம்மா. புதுசா ஒடிச்சுக் குறுக்கப் போட்டுட்டுத்தான் உள்ள வந்தேன்" என்று பாய் கையை விரித்துக் காட்டினார். கத்தி இல்லாமல் வெறுங்கையால் முறித்திருக்கிறார். உள்ளங்கை முழுக்க முள் கிழித்து ரத்தம்.

"அந்த அறிவு கெட்டவன் நான்தான் பாய்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். "டயர்ல குத்தும்னா?"

"உங்க டயர்ல."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நடு ரோட்டில், முன்பின் தெரியாதவர்கள் முன்னால், ஓவென்று அழுகை வந்துவிட்டது. பாய் சட்டென்று அந்தக் கையால் என் வாயைப் பொத்தினார்.

"சத்தம் வேணாம் சார்" என்றார் மெதுவாக. "குட்டியோட நிக்குது."