எதிர்முனைக் குரல்

ஆனந்தகுமார் எதையும் சட்டென்று கற்றுக்கொள்கிறவன் இல்லை; ஆனால் பிடித்தால் உடும்புப்பிடி. ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் எல்லாரும் வாயைப் பிளந்து தூங்க, இவன் மட்டும் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு செல்போனுக்குச் செயலி எழுதிக்கொண்டிருப்பான்.

அவன் அக்கா தையல்நாயகி சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே பட்டு நெய்பவள். தறியில் ஏற்றும் பாவு நூலும் பட்டும் கொடுத்து வேலை வாங்கும் முதலாளி வெங்கடேசன், என்ன நிறம் என்பதைப் போனிலேயே சொல்லிவிடுவார். இவள் இயர்போனை மாட்டிக்கொண்டு நெய்தபடியே கேட்பாள். பிறகு தகராறு வந்தால், "நான் அப்படிச் சொல்லவே இல்லையேம்மா" என்று அவர் கையை விரித்துவிடுவார். தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேச்சைத் தானாகப் பதிவுசெய்யும் செயலி ஒன்றை எழுதினான். தன் பழைய போனில் சோதித்தான். இரண்டு பக்கமும் கணீரென்று கேட்டது. அதையே அக்காவின் புதுப் போனில் போட்டுக்கொடுத்தான். அங்கேயும் ஒருமுறை கேட்டுப் பார்ப்போமே என்று மட்டும் தோன்றவில்லை, மகராசனுக்கு!

வம்பு ஒரு கல்யாணப் புடவையில் வந்தது. போனில் சொன்னபடி முந்தியை அரக்கு நிறத்தில் நெய்து கொண்டுபோனால், "பச்சைன்னுதானே சொன்னேன்" என்கிறார் முதலாளி. இனி பாவு கிடையாது என்றும் சொல்லிவிட்டார். பாவு இல்லாவிட்டால் தறி சும்மா கிடக்க வேண்டியதுதான். ஆனந்தகுமார் லீவு போட்டுவிட்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு மிடுக்காக அவர் கடைக்குப் போனான்.

"நீங்க பேசினதே இருக்குது, கேளுங்க" என்று போனைத் தட்டினான்.

"சொல்லுங்க மொதலாளி... சரிங்க... சரிங்க... அப்படியே நெஞ்சுடறேங்க." எல்லாம் அக்கா குரல். முதலாளி பேச வேண்டிய இடத்தில் வெறும் தறிச் சத்தம். மறுபடி போட்டான். அதேதான்.

வெங்கடேசன் சிரித்தார். "பாத்தியாப்பா? நான் சொன்னதுக்கெல்லாம் சரின்னு சொல்லிக்கினு இருக்கா. அப்புறம் ஏன் மாத்தி நெஞ்சா?"

தெருவுக்கு வந்ததும் ஆனந்தகுமார் போனில் தேடிப் படித்தான். புதுப் போன்களில் வெளியாள் எழுதும் செயலிக்கு எதிர்முனைக் குரல் கிடைக்காதாம். போனோடு வருகிற செயலிக்குத்தான் அந்தச் சலுகையாம். கேட்டால் அந்தரங்கப் பாதுகாப்பாம். இது திறந்த தளம், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லித்தானே இவனை இழுத்தார்கள்? சரி, அடுத்தவர் பேச்சைத் தெரியாமல் பிடிப்பது தப்புதான், அதுவும் புரிகிறது. அப்படியானால் அக்காவுக்கு யார் சாட்சி? யார்மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் திருதிருவென்று விழித்தான்.

"என்னாடா ஆச்சு?"

"உன் குரல் மட்டும்தான் ஏறுதுக்கா, அவருது ஏறாதாம். எனக்கே ஒண்ணும் புரியல."

தையல்நாயகி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அப்போ, அரக்குங்களான்னு நான் ஒரு வாட்டி திருப்பிக் கேட்டிருந்தா, அது இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்."

"மொதலாளி சொன்னதைத் திருப்பிக் கேட்டா மரியாதை இல்லன்னு, இத்தினி வருசமா ஒரு வாட்டிகூட கேட்டதில்லடா" என்றவள், நடுத்தெருவிலேயே அழுதுவிட்டாள்.