மிதந்த முட்டைகள்

ஓடு உடைந்த கணமே மூக்கில் ஏறி, தொண்டைக்குள் இறங்கி, நாக்கின் அடியில் போய்ப் படிந்துகொண்டது அந்த நாற்றம். ஆவடியில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, எங்கள் வேதியியல் ஆய்வக மேசையிலிருந்து கிளம்பியது அது.

அன்று அடர்த்திப் பாடம். புதிதாக வந்திருந்த ஸ்டெல்லா டீச்சர் சத்துணவுக் கூடத்திலிருந்து ஐந்து முட்டைகளை வாங்கி வந்து, எடையையும் கரண்டியால் முழுக அழுத்தும்போது அவை வெளித்தள்ளும் தண்ணீரின் அளவையும் குறித்து, எடையை அந்த அளவால் வகுக்கச் சொன்னார். விடை ஒன்றுக்கு மேல் வந்தால் முட்டை மூழ்கும், குறைந்தால் மிதக்கும். எங்களுக்குக் குறைவாகவே வந்தது. கணக்கில்தான் தப்பு என்று நினைத்த டீச்சர் முட்டைகளை வாளித் தண்ணீரில் விட, ஐந்தும் மேலே வந்து உருண்டன. சந்தேகப்பட்டு ஒன்றை உடைத்தார். ‘கூமுட்டை’ என்பது மக்குப் பிள்ளைகளைத் திட்டும் வார்த்தை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சாம்பல் பச்சையாக மேசையில் ஒழுகியதைப் பார்த்தபோதுதான் பொருள் விளங்கியது.

நாற்றம் உணர்ந்து வந்த தலைமையாசிரியர், ஒன்று கெட்டிருக்கலாம், மற்றவை போர்வெல் தண்ணீரின் உப்பால் மிதக்கின்றன என்று சொல்லி, மிச்ச நான்கையும் சமையலுக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். தற்காலிக வேலையில் இருந்த டீச்சர் நான்கையும் எடுத்துக் கூடையில் வைத்தார். நான் வீட்டுச் சோறு கொண்டுபோகிறவள். பக்கத்தில் உட்காரும் செண்பகமோ தினமும் அந்த முட்டையைச் சாப்பிடுகிறவள். அவள் எதிர்க்கடைக்கு ஓடி ஒரு முட்டை வாங்கி வந்து, அதே வாளியில் விட்டாள். அது நேராக அடியில் போய்ப் படுத்தது.

“அதே தண்ணிதான் சார். இது மட்டும் இன்னாத்துக்கு முழுவிகினு கீது?”

அவர் வாளியைப் பார்க்கவேயில்லை. “ஓசியில சாப்புடறதுக்கு இவ்ளோ ஆராய்ச்சியா?” என்றார். முட்டை நாற்றத்தைத் தாங்கிக்கொண்டு நின்ற நான், அதைக் கேட்டபிறகுதான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

மதியம் முட்டைகள் வெந்து வந்தன. செண்பகம் சோற்றை மட்டும் வாங்கிக்கொண்டு, தட்டைக் கையால் மூடினாள். பின்னால் நின்றவர்களும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரை, அப்படியே தட்டை மூடிக்கொண்டு நகர்ந்தார்கள். அண்டா நிறைய மிஞ்சியதை மைதானத்தின் பின்னால் புதைத்தார்கள். நாய்கள் கிளறிப்போட்டதில் பள்ளியே பல நாள் நாறியது. அதன்பிறகு சமையல்கார அக்கா தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் முட்டை வேகவைத்தார். தலைமையாசிரியர் மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார்.

இப்போது அந்த ஆய்வகம் இல்லை. செண்பகம் பத்தாவதோடு நின்றுவிட்டாள். அவள் வீடு இருந்த ஏரிக்கரை வரிசையைக் காலி செய்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரிக்கக்கூட ஆளில்லை. நாங்கள் வாங்கிய ஃபிளாட்டின் விளம்பரத்தில் முதல் படமே அந்த நடைபாதைதான்.