காற்றுக்கு ஒளிந்த நகரம்

லண்டனுக்கு வந்த மூன்றாவது வருடம், ஏதாவது ஒரு நகரத்தைப் பற்றிப் பத்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டிய நிலை எனக்கு வந்தது. லூயிஷாமில் சனிக்கிழமை காலைகளில் நடந்த ஆங்கில வகுப்பில் அது இறுதிப் பரீட்சையின் ஒரு பகுதி. சொந்த ஊரை எடுக்கக் கூடாது என்று ஆசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார். நில அமைப்பு, வரலாறு, மக்கள் செய்யும் தொழில், எல்லாம் வர வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் பாரிஸை எடுத்துக்கொண்டார்கள். நானோ யாழ்ப்பாணம், கொழும்பு, லண்டன் தவிர வேறெந்த நகரத்தையும் கண்ணால் கண்டதில்லை.

அப்போது நான் தேம்ஸ் கரையோரம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். விடியற்காலை ஷிப்ட். என்னோடு அதே மாடியில் வேலை செய்தவள் பொலிவியா நாட்டுப் பெண், லா பாஸ் நகரத்தில் வளர்ந்தவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். அதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் அவள் என்னையும் அக்கா என்றே கூப்பிட்டாள். இருவருக்கும் தெரிந்தது அரைகுறை ஆங்கிலம். அதில் பேசியதைத்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவளுடைய ஊரையே எடுப்பது என்று முடிவு செய்து, நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் பார்த்து லா பாஸைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போய், தேநீர் இடைவேளையில் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "பொலிவியாவின் தலைநகரான லா பாஸ்" என்று தொடங்கியதுமே கையை உயர்த்தினாள்.

"சட்டப்படி தலைநகர் சுக்ரே. எங்கள் ஊரில் அரசாங்கம் இருக்கிறது, அவ்வளவுதான். முதல் வரியே பிழை."

மிச்சத்தையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "இதை எழுதியவர் எங்கள் ஊரில் ஒரு படிகூட ஏறியிருக்க மாட்டார்" என்றாள்.

அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன். அடுத்த மூன்று வாரமும் அடித்தளத்துச் சிறிய சமையலறையில், தேநீர் ஆறும்வரை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். கிண்ணம் போன்ற ஆழமான பள்ளத்தாக்கு. அதன் சரிவெல்லாம் பூசாத செங்கல் வீடுகள். விளிம்புக்கு மேலே வெட்டவெளி, அங்கே எல் ஆல்தோ என்று இன்னொரு நகரம். கீழே போகப் போகக் குளிர் குறையும், அதனால் பணக்காரர் அடியில் இருப்பார்கள், ஏழைகள் உச்சியில். அவ்வளவு உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் உருளைக்கிழங்கு லேசில் வேகாது. லண்டனுக்கு வந்த முதல் நாள் ஊர்ப் பழக்கத்தில் நெடுநேரம் சோற்றை வேகவைத்து, அது களியாகிப் போனதாம். மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்த எனக்கு ஒவ்வொன்றும் வியப்பாக இருந்தது. நான் வாயைப் பிளந்து கேட்கக் கேட்க அவளுக்கும் உற்சாகம் கூடியது.

பரீட்சைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை, கணவரை இருத்திவைத்துப் பேசிப் பார்த்தேன்.

"இஞ்சேரும், நீர் அங்கை பிறந்து வளர்ந்த ஆள் மாதிரியெல்லோ கதைக்கிறீர்" என்றார்.

"பகிடி விடாதேங்கோ. நாளைக்கு அவையளுக்கு முன்னாலை எனக்கு வாய் திறக்க ஏலுமோ தெரியேல்லை."

மறுநாள் வகுப்புக்குப் போனால், பின்வரிசையில் அந்த பொலிவியா அக்கா உட்கார்ந்திருந்தாள். சனிக்கிழமைகளில் ஒரு வீட்டைத் துப்புரவு செய்யப் போகிறவள், அதைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டு, ஆசிரியையிடம் அனுமதியும் வாங்கி வந்திருக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஒருவாறு பேசி முடித்தேன். உடனே ஒரு போலந்து இளைஞர் கேட்டார்: "இவ்வளவு பெரிய சமவெளி மேலே இருக்கும்போது, ஏன் ஒரு குழிக்குள் போய் நகரம் கட்டினார்கள்?"

விடை எனக்குத் தெரியும். தமிழில் தெரியும். ஆங்கிலம் மட்டும் ஒரேயடியாகப் போய்விட்டது. ஆசிரியை காத்திருந்தார்.

"காற்று" என்றது பின்வரிசைக் குரல்.

அவள் எழுந்து நின்றாள். ஸ்பானியர்கள் முதலில் சமவெளியில்தான் இறங்கினார்கள். அங்கே வீசும் குளிர்காற்றைத் தாங்க ஏலாமல் சில நாளிலேயே பள்ளத்துக்குள் ஒளிந்துகொண்டார்கள். ஆற்றில் தங்கம் கிடைத்தது. தெற்கே பொத்தோசியில் வெட்டிய வெள்ளி லிமாவுக்குப் போகிற வழியில் ஊர் இருந்தது. சுமை மிருகங்கள் தங்கிப் போகும், சந்தை வளரும். அது எங்கள் முன்னோரின் மண், அந்த வெள்ளியைச் சுமந்ததும் அவர்கள்தான் என்றாள்.

"உங்கள் குடும்பம் எப்படி அங்கே வந்தது?" என்று ஆசிரியை மெதுவாகக் கேட்டார்.

அவளுடைய அப்பா வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடப்பட்டதும் குடும்பத்தோடு லொறியில், லா பாஸின் விளிம்பிலுள்ள எல் ஆல்தோவுக்கு வந்தார். மண்கல் அறுத்துத் தாங்களே வீடு கட்டினார்கள். அம்மா தெருவில் உருளைக்கிழங்கு விற்றாள். இவள் ஒரு தையற்கூடத்தில் சட்டை தைத்தாள். அதுவும் மூடப்பட்ட பிறகுதான் லண்டன். இவ்வளவையும் பிழை பிழையான ஆங்கிலத்தில், ஒரு தடவையும் தலைகுனியாமல் சொன்னாள். ஒரு நகரத்தின் தொழில்கள் மாறிய கதையை ஒரே வீட்டுக்குள் அன்றுதான் கண்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் கடைசியாக நிறுத்தினேன்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த நாட்டில் என்னிடம் இதுவரை கேட்டதெல்லாம் மாடி துடைத்தாயா, குப்பை எடுத்தாயா என்றுதான். என் ஊரைப் பற்றி நீ கேட்டாய்." கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

நான் பரீட்சையில் சித்தியடைந்தேன். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் ஸ்ட்ரெதமில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வகுப்பு உதவியாளர் வேலை கிடைத்தது. ஆங்கில ஆசிரியை, அவள் வகுப்புக்கு வந்த அன்றைக்கே அவளிடம் வகுப்பில் சேரும் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்திருந்தார். செப்டெம்பரில் அவளும் வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு வருடம் படித்து, முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளரானாள். வேலை கிடைத்த செய்தியைச் சொல்ல அவள் முதலில் தொலைபேசியில் கூப்பிட்டது என்னைத்தான். அன்று பஸ்ஸில் வீடு போகும்போது, நான் கண்ணால் காணாத ஓர் ஊருக்கும் அங்கிருந்து வந்த ஒருத்திக்கும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே போனேன்.