தேவகி தொட்ட மடிகள்

கரங்கான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஆட்டுக்குச் சீக்கு என்றால் தேவகியைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று பெயர். புருஷன் போன பிறகு அவளைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பெயரும், லயத்து வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த பால் ஆடுகளும்தான். பெயர் பொல்லாத சரக்கு. வந்துவிட்டால் ஆளை யோசிக்க விடாது.

மழைக்காலத்தில் அவளுடைய ஆடு ஒன்றுக்கு மடி வீங்கியது. டவுன் கடையில் மருந்து வாங்கி, ஊசியைக் கழற்றிய சிரிஞ்சால் காம்புத் துளைக்குள் ஏற்றினாள். வீக்கம் வடிந்தது. அதோடு விட்டிருக்கலாம். வருமுன் காக்கிறாளாம், மற்ற ஆடுகளுக்கும் அதே சிரிஞ்சுதான். ஒவ்வொரு முறையும் நுனியை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டு இராசாத்தியிடம் இருந்தது ஒரே ஆடு. "என் ஆட்டுக்கும் போட்டு விடுங்கக்கா" என்றாள். அதற்கும் போட்டாள்.

கொஞ்ச நாளில் தேவகியின் ஆடுகளுக்கு மடி கல்லாக இறுகியது. பால் தண்ணீராகத் திரிந்து வந்தது. குட்டி வாய் வைத்தால் தாய் உதைத்தது. பயந்துபோய் மருந்தை இரட்டிப்பாக்கினாள். இன்னும் மோசமானது.

கடைசியில் சுங்கைப்பட்டாணியிலிருந்து கால்நடை டாக்டர் லோகேஸ்வரி வந்து பாலைச் சோதனைக்கு எடுத்துப் போனார். பிறகு போனில் சொன்னார்.

"மடிக்குள்ள பூஞ்சக்காளான்க்கா. நீங்க போட்ட ஊபாட், அந்த மருந்து, அதைக் கொல்லாது, வளத்துதான் விடும். அழுக்கு சிரிஞ்சு வழியா போயிருக்கு. இனி குணமாகாதுலா. மருந்து ஏறின உடம்பு, கறிக்கும் ஆகாது. கொன்னு பொதைக்கணும்."

"எல்லாத்தையுமா?"

"மடி இறுகினது எல்லாத்தையும்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி மழையின் மேல் போயிருக்கும். தேவகிக்கும் அந்த ஆசை வந்தது. ஆனாலும் இராசாத்தி வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னாள்.

இராசாத்தி நம்பவில்லை. "அந்த டாக்டர் பொண்ணுக்கு என்னக்கா தெரியும்? ஒங்க கைராசி எங்களுக்குத் தெரியாதா? என் ஆடும் நேத்துலேர்ந்து குட்டிய பால் குடிக்க விட மாட்டேங்குது. இன்னொரு தடவ மருந்து போடுங்க, சரியாயிரும்."

தேவகி குனிந்து மடியைத் தொட்டாள். இறுகிப்போயிருந்தது.

"நான் குடுத்த சீக்குதான் இராசாத்தி. இதையும் பொதைக்கணும்."

இராசாத்தி ஏசியிருந்தால் தேவகி தாங்கியிருப்பாள். அவளோ ஆட்டை அவிழ்த்து, கயிற்றைத் தேவகியின் கையில் வைத்தாள்.

"நீங்களே கொண்டு போங்க. குட்டி கத்துறதுக்குள்ள."