அரை மணி நேர மொழி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூர்ஜான் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு அம்மாவுக்கு வீடியோ அழைப்பு எடுப்பாள். ரொறன்ரோவில் ஒன்பது மணி என்றால் துருக்கியின் கருங்கடல் கரையில் மாலை ஐந்து. அம்மா மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அரை மணி நேரம் பேசுவார்கள். ஒரு கிழமையில் நூர்ஜான் தன் சொந்த மொழியில் வாய் திறப்பது அந்த அரை மணி நேரம் மட்டும்தான்.

மிச்ச நேரத்துக்கு அவளிடம் வேறு மூன்று மொழிகள் இருந்தன. கல்கரிக்கு லொறி ஓட்டும் கணவரோடு துருக்கி. கல்லூரிக்குப் போகும் மகள் ஏலிஃபோடு பாதி துருக்கி, பாதி ஆங்கிலம். வேலையில் தமிழ்.

ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் இருந்த பேக்கரியில் பாண் பொதிசெய்யும் வரிசையில் பத்துப் பேர் நின்றால் எட்டுப் பேர் யாழ்ப்பாணத்துப் பெண்கள். அங்கே பன்னிரண்டு வருடம் நின்றவளுக்குத் தமிழ் தானாகவே ஒட்டிக்கொண்டது. முதலில் படித்த சொற்கள் அவசரப்படுத்தும் 'கெதியா', 'சுடுது', 'கவனம்'. பிறகு யாருடைய மாமியார் எப்படி, யாருடைய மகன் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தான் என்பதெல்லாம் புரியத் தொடங்கியது. இப்போது தமிழில் பகிடி விடுவாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் அவள் முகத்தைப் பார்த்துத் தடுமாறும்போது, "என்ன பிள்ளை, பேய் கண்டனியே?" என்று கேட்பாள்.

அவளுடைய சொந்த மொழிக்கு ஹொம்ஷெட்ஸ்மா என்று பெயர். பேசுகிறவர்கள் ஹெம்ஷின் மக்கள், துருக்கியின் வடகிழக்கு மூலையில் வாழும் ஒரு சிறு கூட்டம். அது ஆர்மீனிய மொழியின் ஒரு கிளை என்கிறார்கள் படித்தவர்கள். ஆனால் அதைப் பேசுகிறவர்கள் பல தலைமுறைகளாக முஸ்லிம்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் துருக்கி படித்து, துருக்கியிலேயே கனவு காண்கிறார்கள். நூர்ஜானின் ஊரில் அதை எழுதத் தெரிந்த ஒருவரும் இல்லை, வீட்டுக்கு வெளியே பேசுகிறவர்களும் இல்லை. அவள் படித்த பள்ளிக்கூட முற்றத்தில் 'ஆர்மீனியன்' என்பது ஒருவனை அடிக்க முன்னர் சொல்லும் சொல். அவளும் அதை அப்படித்தான் பாவித்திருக்கிறாள்.

ஸ்காபரோவில் ஒரு வைத்தியரின் வரவேற்பறையில்தான் அவளுக்கு விசயம் வெளித்தது. மேசையில் இருந்த பெண் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தாள். நூர்ஜானுக்கு அதில் பாதி விளங்கியது. எந்த மொழி என்று கேட்டாள். ஆர்மீனியன் என்றாள் அந்தப் பெண். நூர்ஜான் வைத்தியரைப் பார்க்காமலே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. நான்கு வருடம் கழித்து, ஒரு தேத்தண்ணி இடைவேளையில், துர்க்காவிடம் சொன்னாள்.

துர்க்கா பொதிசெய்யும் வரிசையின் மேற்பார்வையாளர். முப்பத்தொன்பது வயது, மார்க்கம் நகரில் வீடு. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். வேலையில் யாராவது தன் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது என்று சொன்னால் முகத்தைச் சுளித்துவிட்டு நடந்துபோகிறவள். நூர்ஜான் சொன்னதைக் கேட்டதும் அவள் தேத்தண்ணியைக் கீழே வைத்தாள்.

"அப்ப ஏலிஃபுக்குத் தெரியாதோ?"

"தெரியாது. ஹஸ்பண்ட் வேற ஊர். வீட்டில துருக்கி தான்."

"அக்கா, நீங்கள் போனா ரொறன்ரோவில அது முடிஞ்சுது எண்டு சொல்லுங்கோ."

"நான் எங்க போறன்? பென்ஷன் வரைக்கும் இஞ்ச தான்."

துர்க்கா சிரிக்கவில்லை. பெப்ரவரி மாதம் அவர்களுடைய பள்ளிக்கூடம் ஒரு சமூக மண்டபத்தில் தாய்மொழி நாள் கொண்டாடுவது வழக்கம். அதில் நூர்ஜான் தன் மொழியில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றாள். நூர்ஜான் மாட்டேன் என்றாள். பிறகு, யாரும் புரிந்துகொள்ளப் போவதில்லையே என்று யோசித்து, ஓம் என்றாள்.

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு, பெப்ரவரி கடைசிச் சனிக்கிழமை. மண்டபத்தில் இருநூறு பேர், சோளன் பொரியும் பட்டீசும். மேடையில் நூர்ஜான் அம்மாவின் கதையைச் சொன்னாள். சோளக் காட்டுக்குள் வந்த கரடியை அம்மா விறகுக்கட்டையோடு துரத்திய கதை. கரடி ஓடிய பிறகும் அம்மா விடவில்லை. அதன் பரம்பரையை, பல்லை, பின்பக்கத்தை எல்லாம் தனித்தனியாகத் திட்டினார். அந்தத் திட்டை நூர்ஜான் அம்மாவின் குரலிலேயே திட்டிக் காட்டினாள். பிறகு தமிழில் சொன்னாள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. வேலையில் பாண் சுடும் போறணையைப் பார்க்கும் குலசிங்கம் முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம் கரடி" என்றார் பக்கத்தில் இருந்தவரிடம்.

அன்று வீட்டுக்குப் போகும்போது நூர்ஜானுக்குக் கால் தரையில் படவில்லை.

துர்க்கா அதைப் போனில் வீடியோப் படமாக எடுத்திருந்தாள். அன்று மாலையே பள்ளிக்கூடத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டாள். மேலே ஆங்கிலத்தில் தலைப்பு: 'அழிந்துவரும் ஆர்மீனியப் பேச்சுமொழி. ரொறன்ரோவில் ஒரு குரல்.' நூர்ஜானின் முழுப்பெயரையும் ஊர்ப்பெயரையும் எழுதினாள். ஒரு மொழிக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அது என்று அவள் நினைத்தாள். அவளுக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

மூன்று நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். கலிஃபோர்னியாவில் இருந்து ஆர்மீனியர்கள் இதயங்களை அனுப்பினார்கள். 'காணாமல்போன எங்கள் தங்கையே' என்று ஒரு முதியவர் எழுதினார். அதற்குக் கீழே துருக்கி மொழியில் வேறு மாதிரி எழுதினார்கள். அவற்றை நூர்ஜான் மகளுக்குக் காட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை தம்பி ஹிக்மெத் அழைப்பு எடுத்தான். அம்மா அவனுடைய வீட்டில்தான் இருக்கிறார். மார்ச் முப்பத்தொன்றில் அங்கே உள்ளூர்த் தேர்தல். கிராமத் தலைவர் பதவிக்கு அவன் நிற்கிறான் என்பது நூர்ஜானுக்குத் தெரியும். போஸ்டருக்கு அவள்தான் தம்பியின் படத்தைத் தெரிவு செய்து கொடுத்தாள்.

"தேநீர்க் கடையில் உன் படத்தை ஓடவிட்டுப் பார்க்கிறார்கள்," என்றான். "அம்மாவின் திட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆர்மீனியனுக்கா வாக்குப் போடப் போகிறீர்கள் என்று எனக்கு எதிராகத் தேர்தலில் நிற்கிறவன் கேட்டுக்கொண்டு திரிகிறான். சுவரில் எழுதியும் விட்டார்கள்."

"நான் அதை அழிக்கச் சொல்கிறேன்."

"அழித்தால் போதாது. எல்லோருடைய போனிலும் இருக்கிறது. இன்னொரு படம் போடு. நாங்கள் துருக்கியர், அது மொழியே இல்லை, வேடிக்கைக்குச் சொன்னது என்று உன் வாயால் சொல்லு. சொல்லும்வரை அம்மாவிடம் பேச வேண்டாம்."

அடுத்த ஞாயிறு அவள் அம்மாவுக்கு அழைப்பு எடுத்தபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒன்பதிலிருந்து பத்துவரை ஏழு தரம் எடுத்தாள்.

திங்கட்கிழமை தேத்தண்ணி அறையில் துர்க்காவிடம் விசயத்தைச் சொன்னாள். துர்க்கா அந்த இடத்திலேயே படத்தை அழித்தாள்.  ஆனால் இன்னொரு படம் என்றதும் நிமிர்ந்துவிட்டாள்.

"அது மட்டும் செய்யாதைங்கோ அக்கா. மொழி இல்லை எண்டு நீங்களே சொன்னா பிறகு ஆர் அதுக்கு இருக்கினம்? பயப்பிடுத்தினா நாங்கள் பணிஞ்சு போறதோ?"

மூலையில் இருந்து சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்த குலசிங்கம் தலையைத் தூக்கினார். அறுபத்தொரு வயது, அதிகம் பேசாதவர்.

"துர்க்கா, நீ அப்ப சின்னப்பிள்ளை இல்லை. ரெண்டாயிரத்து ஒன்பதில, அங்க கடைசிச் சண்டை நடக்கேக்க, இஞ்ச றோட்டை மறிச்சு நிண்டம், ஞாபகமோ?"

"ஏன் இல்லை? நானும் நிண்டனான் அண்ணை."

"என்ர படம் பேப்பரில வந்தது. கொடியோட. நான் அதை வெட்டி ஃபிரிட்ஜில ஒட்டி வச்சனான். அங்க ஊரில என்ர அண்ணை வீட்டை ஆமி ஆக்கள் போய் நிண்டவை. மூண்டு தரம். அண்ணை இண்டு வரைக்கும் என்னோட கதைக்கிறேல்லை." அவர் ஒரு கவளத்தைப் பிசைந்தார். "நான் செய்தது பிழை எண்டு சொல்லேல்லை. கதவு தட்டினது எனக்கில்லை எண்டு சொல்லுறன்."

 துர்க்காவின் சித்தப்பா ஒருவரும் ஊரில் அப்படி இருந்தார். அவள் போடும் எதையும் அவர் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை.

"நீ எடுத்த படம் தானே," என்றாள் நூர்ஜான். "இதையும் நீயே எடு. அதே பக்கத்தில போடு."

"என்னால ஏலாது அக்கா."

"ஏலும். போன் பிடிக்கிறது தானே. நான் தான் கதைக்கிறது."

வேலை முடிந்து இருவரும் துர்க்காவின் காருக்குள் ஏறினார்கள். வாகனத் தரிப்பிடத்தில் பனி கறுத்துக் குவிந்திருந்தது. நூர்ஜான் மா படிந்த வேலைத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சீவிக்கொண்டாள். துர்க்கா போனைப் பிடித்தாள். நூர்ஜான் துருக்கி மொழியில் ஒரு நிமிடம் பேசினாள். தட்டுத்தடங்கல் இல்லாமல், வானொலிச் செய்தி வாசிப்பதுபோலப் பேசினாள். முடிந்ததும் தலையை ஆட்டினாள்.

"என்ன சொன்னீங்கள்?"

"நாங்கள் துருக்கி ஆக்கள். எங்கட வீட்டில வேற மொழி இல்லை. அது அம்மா பகிடிக்குச் சத்தம் போடுறது. கரடிக்கு, மாட்டுக்கு. படத்தில எழுதினது பிழை, எழுதின ஆளுக்கு ஒண்டும் தெரியாது." சற்று நிறுத்தினாள். "மன்னிச்சுக்கொள். அது உன்னைத் தான் சொன்னனான்."

"பரவாயில்லை. எனக்குத் தெரியாது தான்," என்றாள் துர்க்கா. கார் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அவள் அதைத் துடைக்காமலே படத்தை ஏற்றினாள்.

அதை எழுபதாயிரம் பேர் பார்த்தார்கள். இந்த முறை இதயங்கள் வரவில்லை. 'தங்கையே' என்று எழுதிய முதியவர், 'பயப்படாதே, எங்களுக்குப் புரிகிறது' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததுதான் நூர்ஜானுக்கு எல்லாவற்றையும்விடச் சுட்டது.

தேர்தல் முடியும்வரை அங்கே யாரும் அவளுடைய அழைப்பை எடுக்கவில்லை; ஹிக்மெத் நாற்பத்தொரு வாக்கால் வென்றான். அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்கு அவனே அழைப்பு எடுத்து, போனை அம்மாவிடம் கொடுத்தான்.

அம்மா புதுத் தலைமுண்டு கட்டியிருந்தார். நூர்ஜான் வழக்கம்போலத் தங்கள் மொழியில் தொடங்கினாள்: சாப்பிட்டீர்களா, முழங்கால் எப்படி?

"சாப்பிட்டேன் மகளே. நல்லாயிருக்கிறேன்," என்றார் அம்மா. துருக்கியில்.

அம்மாவின் துருக்கி நூர்ஜானுக்குப் பழக்கமில்லாதது. அரசாங்கக் கந்தோரில் பேசுவதற்காகப் படித்த துருக்கி அது. அதில் அம்மாவுக்குத் திட்டத் தெரியாது, பகிடி தெரியாது, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிக் குறை சொல்லத் தெரியாது. காலநிலை நல்லது என்றார். எல்லோரும் சுகம் என்றார். நான்கு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது.

தம்பி பக்கத்தில் இருப்பதால்தான் என்று நூர்ஜான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். அடுத்த கிழமையும் நான்கு நிமிடம். அதற்கடுத்த கிழமை மூன்று.

"அம்மா கதைச்சவவோ?" என்று ஒவ்வொரு திங்களும் துர்க்கா கேட்டாள்.

"கதைச்சவ."

"அதிலயோ?"

நூர்ஜான் பாண் பையின் வாயைக் கட்டிக்கொண்டே இல்லை என்று தலையாட்டுவாள். துர்க்கா அதற்குமேல் கேட்பதில்லை. இப்போதெல்லாம் அவள் கேள்விகளைப் பாதியில் விட்டுவிடுகிறாள்.

நான்காவது ஞாயிறு யாரோ கூப்பிட ஹிக்மெத் வெளியே போனான். கதவு சாத்தும் சத்தம் நூர்ஜானுக்கே கேட்டது. அறையில் அம்மாவும் அடுப்பும் மட்டும்.

"அவன் போய்விட்டான்," என்றாள் நூர்ஜான் தங்கள் மொழியில், குரலைத் தாழ்த்தி. "இனிப் பேசுங்கள்."

 அம்மா திரையின் ஓரங்களைப் பார்த்தார், எதையோ தேடுவதுபோல. பிறகு துருக்கியில் கேட்டார்:

"இதையும் பதிவு செய்கிறாயா?"

"இல்லை அம்மா."

"அன்றைக்கும் நீ எனக்குச் சொல்லவில்லையே. என் திட்டு கடைத்தெரு முழுக்கக் கேட்டது. அறுபது வருடம் நான் அதை வீட்டுக்கு வெளியே விடவில்லை."

"சத்தியமாக இல்லை."

"பிறகு அது மொழியே இல்லை என்றும் நீதான் சொன்னாய். அதையும் கேட்டேன்." குரலில் கோபம் இல்லை. கோபப்படுவதற்கான சொற்கள் அந்த மொழியில் அவரிடம் இல்லை. "இப்படியே பேசுவோம் மகளே. இதை யார் கேட்டாலும் பரவாயில்லை."

நூர்ஜான் போனைத் தலையணையில் சாய்த்து வைத்தாள். இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை விரித்து, கமராவுக்கு முன்னால் நீட்டினாள். முன்புறம் காட்டினாள். பின்புறம் காட்டினாள். ஒன்றும் இல்லை, பாருங்கள் என்று தங்கள் மொழியில் சொன்னாள்.

அம்மா திரைக்குக் கிட்ட வந்தார். அந்தக் கைகளை வெகுநேரம் பார்த்தார்.

"விரலெல்லாம் வெடித்துப்போய் இருக்கிறதே," என்றார் துருக்கியில். "எண்ணெய் பூசு."