கார்மேகத்தின் ஏழு நிமிட வாய்ஸ்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று முதலில் சொன்னவர் கார்மேகத்தைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்.

கார்மேகத்துக்கு ஊர் கமுதிப் பக்கம். வயது நாற்பத்தாறு. துபாய் சோனாப்பூரில் ஒரு கம்பெனி கேம்ப்பில், பன்னிரண்டாம் நம்பர் ரூமில், கீழ்க்கட்டிலில் பதினேழு வருஷமாகப் படுத்து எழுந்துகொண்டிருந்தார். வேலை, சாரம் கட்டுவது. கட்டடம் உயர உயர இரும்புக் குழாயைப் பூட்டி, பலகை போட்டு, அந்தப் பலகைமேல் ஏறி நின்று அடுத்த குழாயைப் பூட்ட வேண்டும். அதை அவரைப்போல ஆயிரம் பேர் செய்கிறார்கள். கார்மேகத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கபடி. அதிலும் ஆடி வாங்கிய பெயர் அல்ல, பேசி வாங்கியது.

நவம்பர் பிறந்து வெயில் அடங்கியதும் கேம்ப்புக்குப் பின்னால் இருக்கிற மணல் பொட்டலில் கோடு போட்டுவிடுவார்கள். மாவட்டத்துக்கு ஓர் அணி. சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சை, நெல்லை, அப்புறம் நம்முடைய முகவை. ராமநாதபுரம் என்று எழுதினால் பனியனில் கொள்ளவில்லை என்பதற்காக முகவை ஆயிற்று. ஞாயிறு லீவு. சாயங்காலம் ஆட்டம். ஆட்டம் முடிந்து ரூமுக்கு வந்து, கால் கழுவி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, கார்மேகம் போனைக் கையில் எடுப்பார். 'முகவைச் சிங்கங்கள்' வாட்ஸ்அப் குரூப்பில் இருநூற்று நாற்பது பேர். "முகவை நெஞ்சங்களுக்கு வணக்கம், உங்கள் கார்மேகம் பேசுகிறேன்" என்று ஆரம்பித்தால் ஏழு நிமிஷம். எவன் பிடியில் வலு இல்லை, எவன் கோட்டைத் தொட்டும் தொடாத மாதிரி நடித்தான், எவன் போன சீசன் நினைப்பிலேயே ஆடுகிறான், எல்லாம் அதில் வந்துவிடும். அந்த வாய்ஸை அல் ஐன் மளிகைக் கடையில் கேட்டார்கள், அஜ்மானில் கேட்டார்கள், கமுதி டீக்கடையிலும் கேட்டார்கள். ஆட்டத்தைப் பார்க்காதவன்கூடக் கார்மேகம் வாய்ஸைக் கேட்காமல் படுக்க மாட்டான்.

அந்த இருநூற்று நாற்பது பேருக்கும் தெரியாத ஒன்று கார்மேகத்தின் வலது முட்டியில் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏணியில் இறங்கும்போது முறுக்கிக்கொண்டது. கம்பெனியில் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் 'அன்ஃபிட்' என்று எழுதினால் நேரே ஊருக்கு டிக்கெட். ஊரிலோ வீடு ஜன்னல் மட்டத்தில் நிற்கிறது, கம்பி நீட்டிக்கொண்டு. அதன் தலைமேல் காங்கிரீட் விழ இன்னும் இரண்டு வருஷம் கார்மேகம் சாரத்தில் நின்றாக வேண்டும். அவர் மனைவி சீதாலட்சுமி போனில் முதலில் கேட்பது, "சாப்டீகளா?" என்று அல்ல. "முட்டி எப்படி இருக்கு? யாருக்கும் தெரியாதுல்ல?" என்றுதான்.

மேல்கட்டில் ராக்கப்பனுக்கு மட்டும் தெரியும். தினமும் காலையில் சைட்டில் பஸ் நின்றதும் ராக்கப்பன் முதலில் இறங்குவான். இறங்கி, ஏதோ சொல்லப் போகிறவன் மாதிரித் திரும்பி நிற்பான். கார்மேகம் அவன் தோளில் கை போட்டுப் பேசிக்கொண்டே மூன்று படியையும் இறங்கிவிடுவார். அதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

இந்த சீசன் முதல் ஆட்டத்தில் முகவை நெல்லையிடம் தோற்றது. தோற்ற விதம் கேவலம். போன வருஷம் சிவகங்கைக்காரர்கள் நான்கு பேரை ஒரே ரெய்டில் தொட்டுவிட்டு வந்த அருள்முருகன், இந்த முறை ஒன்பது தடவை பாடிப் போய் இரண்டே பாயிண்ட் எடுத்தான். முதுகுளத்தூர்ப் பையன், இருபத்தாறு வயது. கார்மேகத்துக்கு அதே கம்பெனி, அதே பஸ்.

"அருள்முருகன் ரெய்டு போகல, தேரு போச்சு" என்றது அன்றைய வாய்ஸ். "அசைஞ்சு அசைஞ்சு போகுது, நிலைக்கு வருது. நாலு பேரு வடம் புடிச்சு இழுத்தாத்தான் நகரும்போல. அடுத்த வாரம் வடத்தோட வாங்கப்பா!"

குரூப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் பஸ்ஸில் அருள்முருகன் ஏறியதும் பின்சீட்டிலிருந்து ஒருவன், "வடம் புடிங்கப்பா" என்றான். அருள்முருகனும் சேர்ந்து சிரித்தான். வேறு என்ன செய்வான்?

உண்மையில் கார்மேகம் முதல் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அவன் இடது காலால் உதைக்கவே இல்லை. திரும்பினால் வலப்பக்கம்தான் திரும்பினான். ஆட்டம் முடிந்து மற்றவர்கள் மணலில் சம்மணம் போட்டு உட்கார, அவன் மட்டும் காலை நீட்டிக்கொண்டான். பாம்பின் கால் பாம்பறியும். இவன் முட்டி போய்விட்டது, கோடையில் சைட்டில் எங்கேயோ விழுந்திருக்கிறான், சொல்லாமல் மறைக்கிறான் என்று கார்மேகத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தெரிந்துதான் தேர் என்று பெயர் வைத்தார். இரக்கப்பட வேண்டிய இடத்தில் அவருக்கு இளக்காரம்தான் வந்தது. தன் நோவை இன்னொருவனிடம் பார்க்கும்போது சிலருக்கு அப்படித்தான் வரும்.

இரண்டாவது ஆட்டம் புதுக்கோட்டையோடு. அதிலும் தோல்வி. கூட்டம் கலையும்போது கார்மேகம் எல்லோரும் கேட்க, "தேரு இன்னைக்கு முட்டுச்சந்துல நின்னுபோச்சுடோய்" என்றார்.

அருள்முருகன் திரும்பினான். மேலெல்லாம் மணல், உதட்டில் ரத்தம். "அண்ணே, எறங்கி ஒரே ஒரு ரெய்டு போயிட்டு வாங்க. கோட்டைத் தொட வேணாம், போயிட்டு வந்தாப் போதும். அப்புறம் பேசுங்க. நான் காது குடுத்துக் கேக்குறேன்."

ஓ என்று ஒரு சத்தம். "எறங்குங்கண்ணே!" என்று நாலு பேர் கத்தினார்கள். ஒருவன் கையைப் பிடித்து இழுத்தான். மணலில் ஓர் அடி சறுக்கினால் போதும், கார்மேகத்தின் பதினேழு வருஷமும் அங்கேயே முடிந்துவிடும். "சாப்புட்ட வயிறுப்பா, விடுங்க" என்று கையை உருவிக்கொண்டார். சிரித்தார்கள். இத்தனை வருஷம் அவர் சொல்லுக்குச் சிரித்த கூட்டம் முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தது. ரூமுக்குப் போகிற வழி பூராவும் காது எரிந்தது. டீ குடிக்கவில்லை. கால்கூடக் கழுவவில்லை.

"முகவை நெஞ்சங்களுக்கு வணக்கம். நம்ம ஆட்டக்காரருக்கு இன்னைக்கு ரோஷம் வந்துருச்சு. வரட்டும். ஆனா நான் ஒண்ணு கேக்குறேன். நொண்டிக்காலை வச்சுக்கிட்டு ஊரை ஏமாத்துறியேப்பா, அது எந்த ஊரு ரோஷம்? இடது முட்டி போச்சு அவனுக்கு! நம்பலையா? நாளைக்கு பஸ்ஸுல பாருங்க. ஏறும்போது நல்ல காலை முதல்ல வைப்பான். எறங்கும்போது கெட்ட காலை முதல்ல எறக்குவான், கம்பியை ரெண்டு கையாலயும் புடிச்சுக்குவான். சோறு திங்கும்போது பாருங்க, சம்மணம் போட மாட்டான். கக்கூஸுல கேளுங்க, குழாயைப் புடிச்சுத்தான் எந்திரிப்பான். இவனை நம்பி அம்புட்டுப் பேரும் மணல்ல உக்காந்திருக்கோம்."

ஏழு நிமிஷம். அத்தனையும் அச்சுப் பிசகாமல் உண்மை. ஏனென்றால் அத்தனையும் அவரே தினமும் செய்வது.

மேல்கட்டிலிலிருந்து ராக்கப்பன் தலையைத் தொங்கவிட்டான். "அண்ணே, அதை அழிச்சிருங்க. குரூப்புல ஸ்ரீனிவாசன் சார் இருக்காரு."

ஸ்ரீனிவாசன் பரமக்குடிக்காரர், டிப்ளமோ படித்தவர், அவர்கள் சைட்டின் ஃபோர்மேன். குரூப்பில் வாய் திறக்க மாட்டார். யாராவது ஏதாவது போட்டால் ஒரு கட்டைவிரல் போடுவார், அவ்வளவுதான். ஊர்க்காரன் என்றால் ஊர்க்காரன் மட்டும்தான் என்று நினைப்பது நம்மாட்களின் பழைய வியாதி. அவனுக்கு டூட்டி என்று ஒன்று இருப்பது மறந்துபோகும்.

"அவரு நம்மாளுப்பா" என்றார் கார்மேகம்.

"தவளை தன் வாயால கெடுமுன்னு சும்மாவா சொன்னாங்க. அழிங்கண்ணே."

கார்மேகம் போனைப் பார்த்தார். முப்பத்தொரு பேர் இதயம் போட்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தைந்து ஆயிற்று. அழிக்க ஒரு நிமிஷம் ஆகாது. அவர் அழிக்கவில்லை. சற்று முன் சிரித்த அதே ஆட்கள் இப்போது இதயம் போடுகிறார்கள். அந்தச் சுகத்தை விட மனசு வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து ஸ்ரீனிவாசனின் கட்டைவிரலும் வந்து விழுந்தது.

மறுநாள் காலை சைட்டில் பஸ் கதவு திறந்தபோது ஸ்ரீனிவாசன் கீழே நின்றிருந்தார். அருள்முருகன் இடது காலை முதலில் இறக்கினான். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தான்.

"கார்டைக் குடு தம்பி" என்றார் ஸ்ரீனிவாசன். "மேல இருந்து நீ விழுந்தா உன் உயிரு போகும், எனக்கு வேலை போகும். போ, மெடிக்கல் பாத்துட்டு வா."

பன்னிரண்டு நாளில் எல்லாம் கலாஸ். அன்ஃபிட், விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். கிளம்புகிற அன்று அருள்முருகன் பன்னிரண்டாம் நம்பர் ரூமுக்கு வந்தான். கார்மேகம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏழாம் நம்பர் பனியனை மடித்துக் கட்டிலில் வைத்தான்.

"அடுத்து ஆடுறவனுக்குக் குடுத்துருங்கண்ணே."

கார்மேகம், "உக்காருப்பா, ஒரு வாய் சாப்புடு" என்றார்.

அவன் உட்காரவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் நீட்டிக் கிடந்த அவருடைய வலது காலையே கொஞ்ச நேரம் பார்த்தான். "நீங்களும் சம்மணம் போடலைண்ணே. போன வருஷமே பாத்தேன். நான் யாருகிட்டயும் சொல்லல."

அவன் போய்விட்டான். ராக்கப்பன் மேலே சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். கார்மேகத்துக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் ஆறியதும் அவன்மேல் கோபமாக வந்தது. பெரிய யோக்கியன் மாதிரிப் பேசிவிட்டுப் போகிறானே! கோபம் வந்ததும் சோறு இறங்கியது.

மூன்றாவது ஆட்டம் தஞ்சையோடு. ஏழாம் நம்பர் பனியனைப் போட்டுக்கொண்டு புதுப் பையன் ஒருவன் பதினோரு பாயிண்ட் எடுத்தான். முகவை ஜெயித்தது. கார்மேகத்தைத் தோளில் தூக்கப் போனார்கள், அவர் பதறி விலகிக்கொண்டார். "அழுகுன பல்லைப் புடுங்குன டாக்டரு எங்க கார்மேகம் அண்ணன்" என்று குரூப்பில் ஒருவன் போட்டான். அதற்கு நூற்றுப்பத்து இதயம்.

எப்போதும் பேசாத ஸ்ரீனிவாசனும் அன்று ஒரு வாய்ஸ் போட்டார். "அண்ணனுக்கு கம்பெனி சார்பா நன்றி. அவரு சொன்ன அடையாளத்தை எல்லாம் நான் சேஃப்டி மீட்டிங்ல இந்தியில எடுத்துச் சொன்னேன். பெரிய மேனேஜருக்கு ரொம்ப சந்தோஷம். நாளையில இருந்து எல்லா பஸ்ஸும் எறங்கும்போது நானே கதவுகிட்ட நிப்பேன்."

சீதாலட்சுமி உடனே போன் செய்தாள். "அவரு பேசுனதைக் கேட்டேன்" என்றாள். அவளும் வைக்கவில்லை, இவரும் வைக்கவில்லை.

திங்கட்கிழமை. சைட் வாசலில் பஸ் நின்றது. கதவுக்கு வெளியே ஸ்ரீனிவாசன், கையில் டீ. ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மூன்று படி, மணல், போய்க்கொண்டே இருந்தார்கள். கார்மேகத்துக்கு முன்னால் ராக்கப்பன். அவன் இறங்கினான். திரும்பி நிற்பான் என்று கார்மேகம் கையைப் பாதி தூக்கிவிட்டார். ராக்கப்பன் திரும்பவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நேரே நடந்தான். அருள்முருகனுடைய அம்மா ராக்கப்பனுக்குத் தூரத்து அத்தை முறை என்பது அந்த நேரத்தில்தான் கார்மேகத்துக்கு ஞாபகம் வந்தது.

மேல்படியில் நின்றார். பின்னால் இருபது பேர் அவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தேகம் ஒன்றும் இல்லை, பழக்கம். எவன் எந்தக் காலை முதலில் வைக்கிறான் என்று பார்க்க அவரே கற்றுக்கொடுத்திருந்தார். கெட்ட காலை முதலில் இறக்கினால் அவர் வாய்ஸில் சொன்ன ஆளாகிவிடுவார். நல்ல காலை இறக்கினால் உடம்புப் பாரம் முழுவதையும் வலது முட்டி மடங்கித் தாங்க வேண்டும். மூன்று வருஷமாக அது அப்படித் தாங்கியதில்லை.

"வாங்கண்ணே வாங்க" என்று ஸ்ரீனிவாசன் சிரித்தார். "உங்களைப் போய் நான் பாப்பனா."

கார்மேகம் கம்பியைப் பிடிக்கவில்லை. இடது காலை இறக்கினார். முதல் படி தாங்கியது. இரண்டாவது படியில் முட்டிக்குள் என்னவோ நழுவியது. வாய்விட்டுக் கத்தி, இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டு பாதிப் படியில் தொங்கினார்.

பின்சீட்டிலிருந்து ஒருவன், இத்தனை நாள் கேட்டுக் கேட்டுப் பழகிய கார்மேகத்தின் குரலிலேயே கத்தினான். "முகவை நெஞ்சங்களே, தேரு நின்னுபோச்சு! வடம் புடிங்கப்பா!"

பஸ் முழுக்கச் சிரித்தது. ஸ்ரீனிவாசன் சிரிக்கவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டு, "கார்டைக் குடுங்கண்ணே" என்று கையை நீட்டினார்.